கள்ளன் மாத்தயா

ஆமையின் மைக்கில் முதலில் ரெயில் போகும்.
மூன்று நிமிடம் கழித்து அதே ரெயில்
தெஹிவளையில் என் ஜன்னலை உதறிக்கொண்டு போகும்.
ஒரு ஸ்டேஷன் தூரம் என்று
விளையாட்டுக்கு நடுவே கணக்குப் போட்டிருந்தேன்.
யாருக்கும் சொன்னதில்லை.
ஆமை நல்ல துணை. வாய் காட்டாது,
விழுந்தவனைத் தூக்கித்தான் அடுத்த அடி வைக்கும்.

சனி இரவு, அரையிறுதி.
சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவனை
ஆமை சுட்டது. ஒரே குண்டு.
வேட்டைநாய்77 தான் முதலில் எழுதினான்:
கள்ளன்.
பிறகு பதினொரு விநாடிக் காணொளி,
வேகம் குறைத்து, சிவப்பு வட்டம் போட்டு.
வட்டத்துக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
தெரிகிறது என்று எழுதினேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, மாபோலையிலிருந்து,
கட்டாரில் இரவு வேலை முடித்த ஒருவனிடமிருந்து,
ஆமையோடு ஒருநாளும் விளையாடாதவர்களிடமிருந்து
வந்துகொண்டே இருந்தது.
பழைய ஆட்டங்களைத் தோண்டினார்கள்.
தோற்ற ஆட்டங்களும் நடிப்பாம்.
'நான் செய்யேல்லை' என்று ஆமை எழுதியது.
பாருங்கோ, பதறுறான்.
பேசாமல் இருந்தது.
பாருங்கோ, பேச்சில்லை.

எனக்கு அந்த இரவு நன்றாக இருந்தது.
ஒளிக்க விரும்பவில்லை.
ஆறு மாதமாக என் பகிடிக்கு
அங்கே ஒருவனும் சிரித்ததில்லை.
அன்றைக்கு நாற்பது பேர்.

ஆள் எங்கே இருக்கிறான் என்று யாரோ கேட்டபோது
என் விரல் எனக்கு முன்னால் போய்விட்டது:
வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கம்.
தண்டவாளம் கேட்கும் வீடு.
மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்தார்கள்.
பழைய பிறந்தநாள் படம் ஒன்றில்
கேற்றில் இலக்கம் இருந்ததாம்.

அடுத்த நாள் மழை.
பார்க்கத்தான் போனேன்.
காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
சாப்பாடு கொண்டுவந்த மோட்டார்சைக்கிள்கள்
ஏழோ எட்டோ, லைட்டை அணைக்காமல்.
கொத்துரொட்டி, புரியாணி, ஒரு கேக்கும்.
எல்லாம் வாசலில் காசு வாங்கும் ஓடர்.
எல்லாம் ஒரே பெயரில்.

முதல் பொடியன் ஹெல்மெட்டைக் கழற்றாமல்
போனில் ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டி
மிக மரியாதையாகக் கூப்பிட்டான்:
"கள்ளன் மாத்தயா!"
அவனுக்குத் தமிழ் தெரியாது.
பின்னால் நின்றவனும் சேர்ந்துகொண்டான்.
"கள்ளன் மாத்தயா! கள்ளன் மாத்தயா!"
எதிர்ப் பல்கணிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள்.
யாரோ சிரித்தார்கள், தமிழ் தெரிந்த யாரோ.

கேற் திறந்தது.
சாரத்தைத் தூக்கிப் பிடித்த ஒருவர், கண்ணாடி முழுக்க மழை.
அப்படி ஆரும் இங்க இல்லை என்றார்,
தமிழில், பிறகு சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில்.
மூன்றிலும் மன்னிப்புக் கேட்டார்.
திரும்பி மாடியைப் பார்த்து
"ஜெரோன், கீழ வராத" என்றார்.
மேல் ஜன்னலில் ஒரு திரை நீலமாக இருந்தது.
அணைந்தது.

"ஒயாத?"
பொடியன் என் பக்கம் திரும்பியிருந்தான்.
நீங்களா, கள்ளன் மாத்தயா?
அவன் கைப் பையிலிருந்து
ஆவி போய்க்கொண்டிருந்தது.

ஓவ் என்றேன்.

ஆயிரத்து நானூறு ரூபாய்.
ஒன்றுக்குத்தான் காசிருந்தது.
மிச்சப் பேர் மழைக்குள் நின்று
தங்கள் கடைகளோடு வாதாடிக்கொண்டிருக்க
கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஸ்டேஷனுக்கு நடந்தேன்.
கக்கம் சுட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம்
ஆமை பார்த்ததா இல்லையா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

போனில் நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள்.
படம் எடுத்தியா
படம் எடுத்தியா
டேய் படம் எடுத்தியா.

ரெயில் வந்தது.
ஒரு தரம்தான் கேட்டது.